பாலைவனத்துக்கு ஒரு கூடாரம்: மன்னவனூரில் ஐந்து நாள்

முதல் நாள்

பொங்கல் முடிந்த மறுநாள் விடியும் முன்பே திண்டுக்கல்லிலிருந்து கிளம்பிவிட்டோம். நான், தார்ப்பாய் தைக்கும் அண்ணன், என்னிடம் படிக்கும் பாலிடெக்னிக் மாணவர்கள் இரண்டு பேர். ஜீப்பின் பின்னால் ஒரு துணி மூட்டை, ஆறு அலுமினியக் குழாய், கயிற்றுச் சுருள், ஒரு மரப்பெட்டி. வத்தலக்குண்டில் டீக்கடைக்காரர் மூட்டையைப் பார்த்துவிட்டு, "சர்க்கஸ் கூடாரமா தம்பி?" என்றார்.

"இல்லண்ணே, பாலைவனத்துக்குக் கொண்டு போறது. கொடைக்கானல் மலையில வெச்சுச் சோதிக்கப் போறோம்."

"பாலைவனத்துக்குக் கொடைக்கானல்லயா சோதனை?"

நியாயமான கேள்வி. பிப்ரவரி நடுவில் ஜெய்சல்மேருக்கு மேற்கே மணல் மேட்டில் பத்து இரவு தங்கப் போகிறோம். பகலில் சூரியனைப் பார்க்க வேண்டும், இரவில் வானம் எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது என்று அளக்க வேண்டும். ஒட்டகத்தின் மேல் ஏற்றும் சுமைக்கு ஓர் அளவு உண்டு. தங்குவதற்குத் தனியாக, அளப்பதற்குத் தனியாக என்று இரண்டு சுமை கட்ட வழியில்லை. அதனால் கூடாரத்தையே கருவியாக்கிவிடலாம் என்று ஒரு வருடமாகப் படம் போட்டு, அழித்து, மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாலைவனம் என்றதும் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் குளிர்காலத்தில் அங்கே இரவு நடுக்கி எடுத்துவிடும். தரையும் கூரையும் இரவு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. காற்றில் ஈரமும் மேகமும் இருந்தால் அவை போர்வை மாதிரி நின்று ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். வானம் உலர்ந்திருந்தால் அந்தப் போர்வை மெலிந்துவிடும். ஜனவரியில் மேல்பழனி மலையில் நடப்பதும் இதேதான். சுமார் 2000 மீட்டர் உயரம், தெளிந்த வானம், புல்லின் மேல் உறைபனி. வெயிலைத் தவிர ஜெய்சல்மேர் இரவில் எனக்கு வேண்டிய எல்லாம் ஐந்து மணி நேரப் பயணத்தில் கிடைக்கிறது.

இ-பாஸ் காட்டி, கொடைக்கானலில் நிற்காமல் பூம்பாறை வழியாகப் போனோம். பூம்பாறை வளைவில் மட்டும் வண்டியை நிறுத்தினோம். படிப்படியாக இறங்கும் பூண்டு வயலை அந்த வெளிச்சத்தில் பார்க்காமல் தாண்டிப் போக மனம் வரவில்லை. மன்னவனூரில் உருளைக்கிழங்கு எடுத்து முடித்த ஒரு பட்டா நிலத்தைச் சொல்லி வைத்திருந்தோம். நிலத்துக்காரப் பாட்டி வரப்பில் நின்றுகொண்டு, "ராத்திரி வெள்ளை விழும் சாமி. இங்கயா படுக்கப் போறீங்க?" என்றார். அது விழத்தான் வந்திருக்கிறோம் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, ஒரு கட்டு விறகு கொடுத்தனுப்பினார்.

இரண்டாம் நாள்

காலையில் முதல் வேலை வடக்குத் தெற்கு பிடிப்பது. கைப்பேசியில் திசைகாட்டி இருக்கிறது. ஆனால் அது காந்த வடக்கைப் பார்க்கும், பக்கத்தில் ஜீப் நின்றால் தடுமாறும். அதனால் பழைய முறையில் ஒரு கோலை நேராக நட்டு, அதைச் சுற்றி மண்ணில் வட்டம் கீறி, காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு முளையும் மதியத்துக்குப் பிறகு மறுபடி தொடும் இடத்தில் இன்னொரு முளையும் அடித்தோம். இரண்டு முளைக்கும் நடுவே கயிறு பிடித்தால் அது கிழக்கு மேற்கு. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்தில் நடுப்பகலில் கோல் நட்டு நிழல் பார்த்து நுணுக்கமாகக் கயிறு பிடிக்கும் செய்தி வருகிறது. குளிர்காலப் பாட்டில் வரும் அந்த வேலையை, விரல் விறைக்கும் குளிரில் நாங்களும் செய்தோம். மாணவன் ஒருவன் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி, "சார், இதுக்கு பேட்டரியே வேண்டாம்" என்றான். மணலில் பத்து நாள் இருக்கப்போகிற எங்களுக்கு அது பெரிய விஷயம்.

கூடாரத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தாழ்வானது, அகலமானது. காற்று மேலேறி வழுக்கிப் போக வேண்டும் என்பதால் உச்சியே 1.7 மீட்டர்தான். வெளியே வெள்ளைக் காடாத் துணி. உச்சியில் கறுப்பு அட்டைக்குள் ஒரு கண்ணாடி வில்லை. அது மூக்குக் கண்ணாடிக் கடையில் வாங்கிய, பிளஸ் 0.5 பவர் உள்ள சாதாரண வில்லை. 0.5 பவர் என்றால் குவியத் தூரம் 2 மீட்டர். அதன் முன்னால் ஒரு சென்டிமீட்டர் துளை மட்டும் விட்டு மற்ற இடத்தை மறைத்திருக்கிறோம். உள்ளே இருட்டு. தரையில் வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தால் அதில் சூரியனின் பிம்பம் விழும். இந்த வாரம் மன்னவனூரில் உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து 59 பாகை உயரத்தில் நிற்கிறது. அந்தச் சாய்வில் 2 மீட்டர் வேண்டும் என்பதற்காகவே உச்சியை 1.7 மீட்டரில் வைத்தோம். கூடாரத்தின் உயரத்தைச் சூரியன்தான் முடிவு செய்திருக்கிறது.

நண்பகல் என்றால் 12 மணி இல்லை. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. மன்னவனூர் அதற்கு மேற்கே ஐந்து பாகைக்குக் கொஞ்சம் கூடுதல், அதனால் இருபது நிமிடத்துக்கு மேல் தாமதம். ஜனவரி நடுவில் சூரியனும் தன் பங்குக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். ஆகமொத்தம் 12.30ஐ ஒட்டித்தான் உச்சி. ஜெய்சல்மேரில் பிப்ரவரி நடுவில் இதே கணக்கைப் போட்டால் பகல் ஒரு மணி வரும்.

நாலு பேரும் உள்ளே குந்தி உட்கார்ந்து தடுப்புத் துணியை இறக்கினோம். கண் இருட்டுக்குப் பழகியதும் அட்டையில் வெள்ளி நாணயம் மாதிரி ஒரு வட்டம் தெரிந்தது. குறுக்கே 19 மில்லிமீட்டர். அது நின்ற இடத்தில் நிற்கவில்லை, கண்முன்னே நகர்ந்தது. நிமிடத்துக்கு எட்டு மில்லிமீட்டர். பென்சில் கோட்டை வட்டத்தின் முன்விளிம்பு தொட்டதிலிருந்து பின்விளிம்பு விலகும் வரை மாணவர்கள் நேரம் எடுத்தார்கள். 2 நிமிடம் 20 விநாடி. பூமி சுற்றுகிறது என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு கோட்டைத் தாண்டிப் போகும் வெளிச்ச வட்டமாக அதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் நானே பேசவில்லை.

வட்டத்துக்குள் குண்டூசி முனையால் தொட்டாற்போல இரண்டு கறுப்புப் புள்ளி இருந்தது. அட்டையில் அழுக்கோ என்று அண்ணன் விரலால் துடைத்தார், போகவில்லை. அட்டையை இப்படியும் அப்படியும் நகர்த்தினோம். புள்ளி அட்டையோடு வராமல் சூரியனோடுதான் இருந்தது. சூரியப் புள்ளி. இந்த அளவில் நம் பூமியை வரைந்தால் மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் வரும். அந்தப் புள்ளி அதைவிடப் பெரிது. "இதுக்குள்ள பூமியவே போட்டுரலாமா தம்பி?" என்று அண்ணன் கேட்டார். போட்டுவிடலாம், இடம் மிஞ்சும். (வில்லை வழியாகக் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. அட்டையில் விழும் பிம்பத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும்.)

இத்தாலியில் போலோன்யா நகரத்துத் தேவாலயத்தில் 1655இல் கசீனி என்ற வானியலாளர் இதையேதான் செய்தார். 27 மீட்டர் உயரத்தில் கூரையில் ஒரு துளை, தரையில் 67 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நண்பகல் கோடு. ஜனவரியில் பூமி சூரியனுக்கு அருகில் இருப்பதால் பிம்பம் பெரிதாகவும் ஜூலையில் சிறிதாகவும் விழுவதை அவர் அளந்தார். எங்கள் அட்டையில் அந்த வித்தியாசம் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஜூலையில் இதே வில்லையை எடுத்துப் பார்த்தே தீர வேண்டும்.

பகல் இப்படி இருந்தது. இரவு எங்களைக் கைவிட்டது.

மூன்றாம் நாள்

நேற்று ராத்திரி நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். இந்தப் பயணமே அதற்காகத்தான் என்று இப்போது படுகிறது.

கூரைத் துணியில் ஒட்டிய ஒரு வெப்ப உணரி, வெளியே ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிழல் பெட்டிக்குள் தொங்கும் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வானத்தின் குளிரைச் சொல்லும். வானம் உலர்ந்திருந்தால் கூரை காற்றைவிட வெகுவாகக் குளிரும், மேகம் வந்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். இதுதான் என் திட்டம். நாலு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே படுத்தோம். இரவு முழுக்க வித்தியாசம் ஒன்றரை டிகிரியைத் தாண்டவில்லை. வானம் மூடியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு நெற்றியில் ஒரு சொட்டு விழுந்து எழுந்து உட்கார்ந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் கூரையின் உள்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது. வெளியே வந்தால் தலைக்கு மேல் மேகத்தின் சுவடே இல்லை, நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. காலடியில் புல் வெள்ளையாக நொறுங்கியது.

எல்லோரையும் எழுப்பி வெளியே வரச் சொன்னேன். நாங்கள் குளிரில் நின்ற அரைமணி நேரத்தில் கூரை நாலு டிகிரி இறங்கியது. அத்தனை நேரமும் அது வானத்தை அளக்கவில்லை, எங்கள் நாலு பேரின் மூச்சை அளந்திருக்கிறது. ஒரு வருடம் போட்ட வரைபடத்தில் கம்பம் உண்டு, கயிறு உண்டு, வில்லை உண்டு. உள்ளே படுக்கும் மனிதனின் சூட்டுக்கு நான் ஒரு கோடுகூடப் போடவில்லை. தங்குமிடம் என்பது வெளியை மறைப்பது, கருவி என்பது வெளிக்குத் திறந்திருப்பது. இரண்டையும் ஒரே துணியில் தைக்கப் பார்த்திருக்கிறேன். மனம் மிகவும் சோர்ந்துபோனது.

காலையில் பாட்டி வீட்டுக்கு வெந்நீர் கேட்டுப் போனோம். அடுப்படிக்கு மேலே பரணில் மலைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். புகை பட்டு தோல் பழுப்பேறியிருந்தது. கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் ஒரு கை புகுகிற இடைவெளி. கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவேயும் ஒரு சாண் திறப்பு. அடைத்துவிட்டால் குளிர் வராதே என்று கேட்டேன். "பூண்டும் மூச்சு விடும் சாமி. நெருக்கிக் கட்டினா வேர்த்துப்போயி முளைச்சிரும். மேல போற மூச்சுக்கு வழி வேணும்ல" என்றார். அடுப்பில் கரி தட்டிக்கொண்டே, சர்வசாதாரணமாக.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். திரும்பி வந்து அப்படியே வயலில் துணியை விரித்துவிட்டோம்.

இரண்டு மாற்றம். முதலாவது, உள்ளே ஒரு சாண் இறக்கி இன்னொரு மெல்லிய துணி, உச்சியில் இரண்டு முனையிலும் திறப்பு. மூச்சு உள்துணியைத் தாண்டி இடைவெளி வழியாக வெளியே போய்விடும், எங்கள் மேல் சொட்டாது. இரண்டாவது யோசனை முழுக்க அண்ணனுடையது. "தம்பி, வீட்டுக்குத் திண்ணை எதுக்கு? வர்றவங்க உக்கார. உங்க வானம் உள்ள வர வேண்டாம், திண்ணையில உக்காரட்டும்." தெற்குப் பக்கம் கூரையை ஒன்றரை மீட்டர் நீட்டி ஒரு தாழ்வாரம் இறக்கினார். அதற்குக் கீழே யாரும் படுக்க மாட்டோம். உணரியெல்லாம் அங்கே போய்விடும். பாலைவனத்தில் பகலில் அதே தாழ்வாரம் உட்கார நிழலாகும்.

அப்படியும் ஒரு சிக்கல் இருந்தது. தரையின் சூடு கீழிருந்து துணியைத் தொடும். அப்போதுதான் பழைய பனிக்கட்டிக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். குளிர்பதன இயந்திரம் வராத காலத்தில் அலகாபாத் பக்கம் தெளிந்த குளிர் இரவுகளில் ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி வெட்டவெளியில் வைப்பார்கள். காற்று உறைநிலைக்கு மேலே இருக்கும்போதே தண்ணீர் பனிக்கட்டியாகும். இதை 1775இல் ராபர்ட் பார்க்கர் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் சட்டிக்குக் கீழே பரப்பியது காய்ந்த கரும்பு அல்லது மக்காச்சோளத் தட்டை, தரைச் சூட்டைத் தடுக்க. நாங்கள் அதற்குப் பதில் பாட்டியிடம் ஒரு பழைய கம்பளியை வாங்கித் தாழ்வாரத்தின் அடிப்பக்கம் வைத்துத் தைத்தோம். கம்பளிக்கு இன்னொரு குணமும் உண்டு. தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரி இருக்காது. இந்த ஊரிலேயே மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாங்கள் தைத்துக்கொண்டிருந்த மேட்டிலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் ஆடுகள் மேய்வது தெரிந்தது.

மதியம் 12.30க்கு ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சூரியனைப் பார்த்தோம். நேற்றுக் குறித்த இடத்தில் புள்ளி இல்லை, வட்டத்துக்குள் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. இங்கிருந்து பார்க்கச் சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 27 நாள் ஆகும். ஒரு நாள் பங்கு அவ்வளவுதான்.

நான்காம் நாள்

அதிகாலை மூன்று மணிக்கு இதை எழுதத் தொடங்குகிறேன், தூக்கம் வரவில்லை.

நேற்றுப் புதுத் தாழ்வாரத்தின் வெள்ளைத் துணிமேல், பக்கத்திலேயே ஓர் அலுமினியத் தாள் பட்டையையும் ஒட்டினோம். பளபளப்பான உலோகம் அகச்சிவப்பை எளிதில் வெளிவிடாது, துணி தாராளமாக விடும். பத்து மணிக்கே வித்தியாசம் ஐந்தைத் தாண்டியது. ஒரு மணிக்கு வெளிக்காற்று 5.1 டிகிரி, துணி பூஜ்யத்துக்குக் கீழே 1.8. கிட்டத்தட்ட ஏழு டிகிரி. உள்ளே மூன்று பேர் தூங்குகிறார்கள், தாழ்வாரத்துக்கு அது தெரியவே இல்லை.

இரண்டு மணிக்கு உணரி காட்டும் வெப்ப வரைகோடு திடீரென்று மேலே ஏறியது. சூரியன் இல்லை, நெருப்பு இல்லை, துணி மட்டும் ஐந்து டிகிரி சூடாகிறது. வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். மேற்கிலிருந்து ஒரு மேகத் திட்டு வந்து நட்சத்திரங்களை மூடியிருந்தது. அது கடந்து போனதும் கோடு மறுபடி சரிந்தது. மேகத்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே துணி பார்த்துவிட்டது.

விடிந்ததும் டார்ச்சோடு குனிந்து பார்த்தோம். வெள்ளைத் துணிமேல் ஊசி ஊசியாக உறைபனி, ஒவ்வொன்றும் நெல் உமியின் நீளம்கூட இல்லை, துணி இழையின் வரிசையிலேயே நிமிர்ந்து நின்றன. ஒரு விரல் தள்ளி அலுமினியப் பட்டை. அதில் ஒரு பொட்டுப் பனி இல்லை, உலர்ந்து கிடந்தது. ஒரே இரவு, ஒரே காற்று, ஒரே கூரை. மாணவர்கள் இருவரும் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார்கள். அப்போது பாட்டி நாற்றங்கால் பாத்தியில் போட்டிருந்த காய்ந்த புல் மூடாக்கை விலக்கிக்கொண்டிருந்தார். நேற்றுச் சாயங்காலமே அதைப் போட்டுவிட்டார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்துச்சே சாமி" என்றார். எங்கள் வரைகோட்டை அவரிடம் காட்டினேன். எங்கே மேகம் வந்தது என்று விரல் வைத்துச் சரியாகச் சொன்னார். "அப்ப எனக்கு முழிப்புத் தட்டுச்சு" என்றார்.

பகலில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் போனோம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட வானாய்வகத்தின் வேலை 1899இல் இந்த மலைக்கு ஏறியது. 1909இல், இதே ஜனவரி மாதத்தில், ஜான் எவர்ஷெட் இங்கேதான் சூரியப் புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்கப் பாடம் படிக்கிறார்கள். இங்குள்ள சுரங்கத் தொலைநோக்கியில் கோபுரத்தின் மேல் கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே இறக்க, 60 மீட்டர் சுரங்கத்துக்குள் பிம்பம் விழுகிறது. வில்லையின் குவியத் தூரம் 36 மீட்டர், பிம்பம் 34 சென்டிமீட்டர். எங்களுடையது 2 மீட்டர், 19 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே கணக்கு. மாணவன் அதைக் கைப்பேசியில் வகுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டியபோது அவன் முகத்தில் இருந்த மலர்ச்சிக்காகவே அந்த மலைப்பாதை முழுக்க வண்டி ஓட்டலாம்.

ஜெய்ப்பூரில் ஜெய்சிங் மன்னர் கட்டிய பெரிய சூரியக் கடிகாரமும் 27 மீட்டர் உயரக் கட்டடம்தான். அதன் நிழல் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் ஓடும். பாலைக்குப் போகும் வழியில் அங்கே ஒரு நாள் நிற்பதாக இருக்கிறோம்.

ஐந்தாம் நாள்

இன்று மணல் வேலை மட்டும். பாலை மணலில் முளை நிற்காது, காற்று இழுத்தால் வெண்ணெயில் செருகிய கத்தி மாதிரி வந்துவிடும். அதற்காக முளைக்குப் பதில் சாக்குப் பையில் மண் நிரப்பி, முழங்கை ஆழத்தில் புதைத்து, அதன் நடுவில் கயிறு கட்டினோம். மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. கீழ் விளிம்பு முழுக்க ஒரு முழம் துணியைக் கூடுதலாக விட்டு அதன்மேல் மண்ணை அள்ளிப் போட்டால் அடியில் காற்று புகாது. வில்லைக்கு மூடி வேண்டும். மணல் துகள் வில்லையைக் கீறிவிடும். பிளாஸ்டிக் இன்னும் எளிதில் கீறும் என்பதால் அது வேண்டாம், கண்ணாடி வில்லையே இருக்கட்டும், கூடவே மாற்று இரண்டு. மொத்தச் சுமை 16 கிலோ. கம்பளியால் இரண்டு கிலோ ஏறிவிட்டது. ஆனால் இனி அதை விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

பாட்டி கம்பளிக்குக் காசு வாங்கவில்லை. ஒரு பிடி பூண்டும் கொடுத்து, "அங்க வெள்ளை விழுதான்னு வந்து சொல்லு" என்றார்.

கிளம்பும் முன் அண்ணன் நடுக்கம்பத்தைப் படுக்க வைத்து, "அந்த ஊர்ல எவ்வளவு உசரம்?" என்று கேட்டார். ஜெய்சல்மேரில் பிப்ரவரி நடுவில் உச்சிச் சூரியன் 50 பாகைதான் ஏறும், கம்பம் 1.54 மீட்டர் இருந்தால் போதும் என்றேன். டேப்பைப் பிடித்து, 1.7க்குக் கீழே அந்த அளவில் குழாயைச் சுற்றிச் சிவப்பு நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். இருட்டில் தடவினாலும் கையில் படுகிறதா என்று கண்ணை மூடி ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏற்றினார்.